வழியாத பானை

1

போன தைப்பொங்கலுக்கு அடுக்கிய மூன்று செங்கற்கள் எங்கள் கிங்ஸ்பரி வீட்டுப் பின்வளவில் இன்னும் கிடக்கின்றன. உள்பக்கம் கரி, வெளிப்பக்கம் பாசி. இன்று காலை குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனபோது என் மனைவி பவானி குசினி ஜன்னலைத் திறந்து கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ, அந்தக் கல்லுகளைக் கழுவி வையுங்கோவன். பொங்கல் வருகுதெல்லே."

"மழை கழுவும்தானே."

"மழை ஒரு வருசமாக் கழுவுது. போகேல்லை."

உண்மைதான். பாலும் கரியும் சேர்ந்து பிடித்த கறை லண்டன் மழைக்கெல்லாம் அசையாது. கம்பித் தும்பை வைத்துத் தேய்க்கத் தொடங்கினேன். அந்தப் பால் எப்படி வழிந்தது, அதை வழிய வைக்க நாங்கள் என்ன பாடு பட்டோம் என்பதெல்லாம் நினைவுக்கு வந்து, தனியே நின்று சிரித்துவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் மரியாதையாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஊரில் என்றால், "என்ன, தனியச் சிரிக்கிறியள்?" என்று கேட்டிருப்பார்கள். இங்கே யாரும் கேட்பதில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நான் மின்சார வேலை செய்பவன். சுவிசில் சில காலம் இருந்துவிட்டு, பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவன். பிள்ளை ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் வேலை பார்த்து, ஆங்கிலத்திலேயே கோபப்படவும் பழகிவிட்டாள். எனக்குத்தான் அவசரத்தில் இன்றைக்கும் ஆம் என்பதற்கு 'யா, யா' என்று ஜெர்மன் வாயில் வந்து விழுகிறது. வேலைக்குப் போகும் வீடுகளில் என்னை எந்த நாட்டவன் என்று முடிவுசெய்ய முடியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பிஸ்கட்டும் சேர்த்துத் தருவார்கள்.

சில வருடங்களுக்கு முன் விம்பிள்டனிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. மின்சூளை சூடாகவில்லை, வந்து பார்க்க முடியுமா என்று. போனேன். ட்ராம் பாதைக்குப் பின்னால், கார் திருத்துகிற இடங்கள் வரிசையாக இருக்கும் ஒரு முடுக்கின் கடைசியில் ஒரு கொட்டகை. கதவைத் திறந்தவர் மெலிந்த, நரைத்த தலையுடைய ஒரு யப்பானியர். முழங்கை வரைக்கும் மண். கைகொடுக்க முடியாததால் முழங்கையை நீட்டினார். நானும் என் முழங்கையைக் கொடுத்தேன்.

பெயர் மினாமி. தொழில், குயவர்.

கொட்டகை முழுக்கப் பலகைகள். பலகை முழுக்கக் கிண்ணங்கள், கோப்பைகள், தட்டுகள். ஒவ்வொரு ட்ராம் போகும்போதும் எல்லாம் சேர்ந்து மெதுவாகக் கிணுகிணுத்தன. சூளைக்குள் ஒரு கம்பிச்சுருள் அறுந்திருந்தது. மாற்றிக் கொடுத்தேன். பிடி இல்லாத கிண்ணம் ஒன்றில் தேத்தண்ணீர் தந்தார். பாலும் இல்லை, சீனியும் இல்லை, நிறமும் பச்சை. முகத்தைச் சுளிக்காமல் அதை விழுங்கி முடித்தது அன்றைய வேலையில் கடினமான பகுதி.

குடித்த கையோடு கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். நாங்கள் எந்தப் பாத்திரத்தையும் கவிழ்த்துத்தானே பார்ப்போம், எந்த நாட்டுச் சாமான் என்று அறிய. அடியில் ஒன்றும் இல்லை.

"உங்கள் பெயர் எங்கே?" என்றேன்.

"எதற்கு?"

"நீங்கள் செய்தது என்று எப்படித் தெரியும்?"

"தேநீர் சூடாக இருந்ததா?"

"இருந்தது."

"கை சுட்டதா?"

"இல்லை."

"பிறகு பெயர் எதற்கு?"

இது நடந்தது ஆங்கிலத்தில். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே அளவு ஓட்டை என்பதால் எங்களுக்குள் பேச்சு நன்றாக ஓடியது. வெள்ளைக்காரர்களோடு பேசும்போது வரும் நடுக்கம் இரண்டு பேருக்கும் இல்லை. தமிழில் எழுதும்போது அவர் பேச்சு கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறது. நேரில் அவ்வளவு நிமிர்வு கிடையாது.

3

மினாமியின் ஊர் யப்பானின் தெற்கே, மலைகளுக்கு நடுவே இருக்கிறது. ஒரு சிற்றாறு. ஆற்றுத் தண்ணீர் மரத்தொட்டியில் நிரம்பி, பாரம் தாங்காமல் தொட்டி கவிழும்போது, தொட்டி குடைந்த நீள மரத்தின் மறுமுனையில் இருக்கும் உலக்கை மேலே எழும்பி மண்ணில் விழும். இப்படி இரவு பகலாக ஆறு தானே ஊருக்கு மண் இடித்துக் கொடுக்குமாம். அந்தச் சத்தம் இல்லாமல் லண்டனுக்கு வந்த புதிதில் அவருக்கு நித்திரையே வரவில்லை. ட்ராம் பாதைக்குப் பக்கத்தில் கொட்டகை எடுத்தது வாடகை குறைவு என்பதற்காக என்று நான் நினைத்திருந்தேன். சத்தத்துக்காகத்தான் எடுத்திருக்கிறார்.

அந்த ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு சக்கரம். சக்கரம் ஒரு மகனுக்குத்தான் போகும். மினாமி இரண்டாவது மகன்.

"அண்ணனுக்குச் சக்கரம். எனக்கு லண்டன்" என்றார்.

சின்ன வயதில் இருவருக்கும் தகப்பன்தான் பழக்கினார். அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதும் தம்பி எழும்பி இடம் விட வேண்டியதாயிற்று. அந்த நேரம் ஊரைப் பார்க்க வந்திருந்த ஆங்கிலேயக் குயவர் ஒருவர், உதவிக்கு ஆள் வேண்டும் என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கொஞ்ச நாளைக்கு என்று வந்தவர், எங்களைப் போலவே, கொஞ்ச நாள் முடியாமல் இங்கேயே இருக்கிறார். எங்கள் ஊரிலும் காணிக்காக அண்ணன் தம்பி அடிபட்டு நீதிமன்றத்துக்கு அலைவதுண்டு. ஒரு சக்கரத்துக்காக நாட்டை விட்டு வந்தவரை நான் அதுவரை கண்டதில்லை. நாங்கள் வெளிக்கிட்ட காரணம் உங்களுக்குத் தெரியும், அதை இங்கே எழுதவில்லை.

அவர்களுடைய கைவேலைக்கு 'மிங்கெய்' என்று பெயராம். சனங்கள் அன்றாடம் சாப்பிடவும் குடிக்கவும் ஊறுகாய் போடவும் புழங்குகிற சாமான்தான் வடிவு, அலங்காரத்துக்கென்று செய்வது வடிவல்ல என்பது அதன் கொள்கை. செய்தவன் பெயர் போடுவதில்லை. நேற்றுச் செய்த கிண்ணத்தையே இன்றும் செய்ய வேண்டும், நாளைக்கும் செய்ய வேண்டும். காலால் உதைக்கிற சக்கரத்தில் அவர் கிண்ணத்தைச் சுற்றவிட்டு, வளைந்த இரும்புத் தகடு ஒன்றை லேசாக வைப்பார். தகடு துள்ளித் துள்ளிப் போகும். கிண்ணத்தைச் சுற்றி அரிசி தூவியது போல் கோடுகள் விழும். அந்த நேரம் தொலைபேசி அடித்தாலும் எடுக்க மாட்டார், கடவுளே வந்து கதவைத் தட்டினாலும் திறக்க மாட்டார்.

பெயர் போடாததில் அவருக்கு இருந்த பெருமை இருக்கிறதே, பெயர் போடுகிறவர்களிடம் கூட நான் அவ்வளவு பெருமையைக் கண்டதில்லை. ஒருமுறை நான் அங்கே நிற்கும்போது, கடை வைத்திருக்கும் ஒரு சீமாட்டி வந்து, அடியில் கையெழுத்து இருந்தால் நன்றாக விற்கும் என்று கெஞ்சினார். "பெயர் கட்டாயம் வேண்டுமென்றால் உங்கள் பெயரைப் போடுங்கள்" என்று பேனாவைக் கொடுத்தார் மினாமி. சீமாட்டி பேனாவையும் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று முழுக்க மனுசனுக்கு நல்ல சந்தோசம்.

4

அதற்குப் பிறகு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் விம்பிள்டன் பக்கம் போனால் கொட்டகையை எட்டிப் பார்ப்பேன். ஒரு நத்தார் பண்டிகைக்கு எனக்குச் சில கிண்ணங்கள் தந்தார். பவானிக்குத் தாங்க முடியாத சந்தோசம். உடனே கழுவித் துடைத்துக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அந்த அலுமாரியை நீங்கள் பார்க்காவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். சுவிஸ் குயில் மணிக்கூடு, வெள்ளிக் குத்துவிளக்கு, மகள் பட்டம் பெற்ற படம், ஒருவரும் ஒருநாளும் குடிக்காத தேத்தண்ணீர்க் கோப்பைகள்.

பிறகு ஒருநாள் மினாமியைச் சாப்பிடக் கூப்பிட்டோம். வந்தவர் அலுமாரிக்கு முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். ரசித்துப் பார்க்கிறார் என்று பவானிக்குப் புளுகம்.

"என் கிண்ணங்கள் என்ன குற்றம் செய்தன?" என்று என்னிடம் கேட்டார்.

"என்னவாம்?" என்றாள் பவானி.

"வடிவா அடுக்கி வைச்சிருக்கிறியளாம்" என்றேன். குடும்பம் நடத்தத் தெரிந்தவன் வேறென்ன சொல்வான்?

மினாமி கையை நீட்டித் திறப்பைக் கேட்டார். கிண்ணங்களை எடுத்துக்கொண்டு நேரே குசினிக்குப் போய், தானே கழுவி, அடுப்பில் இருந்த ரசத்தை அதில் ஊற்றிக் குடித்தார். "இப்போது சரி" என்றார். அன்றிலிருந்து அவை ரசக் கிண்ணங்கள். அடுத்த மாதம் ஒன்றில் விளிம்பு சிறிது உடைந்தது. பவானி வெட்கத்தில் அதை ஒளித்து வைத்தாள். அவர் அதைக் கண்டுபிடித்து, உடைந்த இடத்தை விரலால் தடவி, "இப்போதுதான் இது இந்த வீட்டுக் கிண்ணம்" என்றார்.

பவானி அவரை 'மினாமி அண்ணை' என்று கூப்பிடுவாள். பெயருக்குப் பின்னால் சேர்க்கும் மரியாதைச் சொல் என்று அவர் நினைத்துக்கொண்டார். அன்றிலிருந்து பவானியும் அவருக்கு 'பவானி அண்ணை'தான். திருத்திச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

5

இனி என் மகள் ஆரணியின் விசயம். அவள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் ஆர்ச்வேயில் தனியாக வீடு எடுத்துக்கொண்டு போனவள். போன பொங்கலுக்கு முந்தின மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டொம் என்கிற பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கட்டடங்களுக்கு எஞ்சினியர். ஆங்கிலேயப் பையன். எங்கள் புட்டைக் கண்ணில் தண்ணீர் வரவரச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டான். கறியின் உறைப்பில் மூக்கு சிவந்துவிட்டது. வாய் மட்டும் "நல்லாயிருக்கு" என்று தமிழில் சொன்னது. எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

அவன் போனதும் ஆரணி தாயிடம் கேட்டாள். "அம்மா, நாங்கள் மெரி பண்ணலாம் எண்டு இருக்கிறம். நீங்கள் ஓகே சொன்னாத்தான் செய்வம். சொல்லுங்கோ, ப்ளீஸ்."

பவானி நெடுநேரம் மேசையைத் துடைத்தாள். மேசை ஏற்கெனவே துடைத்திருந்தது.

"நல்ல பிள்ளைதான்" என்றாள். "தைப்பொங்கல் வரட்டும். பால் எப்பிடிப் பொங்குதெண்டு பாத்துச் சொல்லுறன்."

"அம்மா! பாலுக்கும் என்ர லைஃபுக்கும் என்ன கனெக்‌ஷன்?"

"எல்லாத்துக்கும் கனெக்‌ஷன் இருக்கு, பிள்ளை. டொம்மையும் அவரின்ர அம்மாவையும் பொங்கலுக்கு வரச் சொல்லும்."

எனக்குப் பவானியைத் தெரியும். சம்மதம் சொல்ல அவளுக்கு ஆசை. ஆனால் நாளைக்குச் சொந்தக்காரர் கேட்டால், 'நான் சொல்லேல்லை, பால் சொன்னது' என்று சொல்ல ஒரு வழி வேண்டும். அதேவேளை, பால் பொங்காவிட்டால் சம்மதிக்கவும் மாட்டாள். அதுவும் எனக்குத் தெரியும். ஆரணிக்கும் தெரியும். அவள் அன்று முகத்தைத் தூக்கிக்கொண்டு ஆர்ச்வேக்குப் போனாள்.

வழக்கமாக நாங்கள் எரிவாயு அடுப்பில், அலுமினியப் பானையில், மேலே புகை எச்சரிக்கைக் கருவிக்குக் குளியல் தொப்பி மாட்டிவிட்டுப் பொங்குகிறவர்கள். தீர்ப்புச் சொல்லும் பொங்கலை அப்படிப் பொங்க ஏலாது என்று பவானி சொல்லிவிட்டாள். வெளியில், விறகில், மண்பானையில் பொங்க வேண்டும். கடைகளில் தேடினால் அடியில் ஓட்டை போட்ட பூச்சாடிதான் கிடைத்தது.

"உங்கட மினாமி அண்ணை செய்து தருவாரோ?" என்றாள்.

6

மினாமி கேட்டதெல்லாம் மூன்று கேள்வி. என்ன சமைப்பீர்கள்? பாலும் அரிசியும். எதில்? விறகு நெருப்பில். எத்தனை பேருக்கு? தெருவுக்கே. தலையை ஆட்டினார். நெருப்பில் நேரே வைத்தாலும் வெடிக்காத மண் ஒன்று இருக்கிறது, சேர்க்க வேண்டும் என்றார். அவர் முகத்தில் ஒரு களை வந்தது. அரிசிப் பானை செய்வதில் அவர் ஊர் பெயர்போனதாம்.

பானை வெந்து வந்த பிறகு தகராறு தொடங்கியது. புதுப் பானையில் முதலில் கஞ்சி காய்ச்சிப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் கசியும் என்றார் அவர். ஊரில் நாங்களும் சட்டி பழக்குகிறவர்கள்தான். ஆனால் பவானி தொலைபேசியில் உறுதியாகச் சொன்னாள்: "பொங்கல் பானையிலை முதல் வேகிறது பொங்கலாத்தான் இருக்கோணும்."

"பவானி அண்ணை, கசியும்" என்றார் மினாமி.

"மினாமி அண்ணை, ஏலாது" என்றாள் பவானி.

இரண்டு அண்ணைமாருக்கும் நடுவில் நான். கடைசியில் எங்களுக்குத் தெரிந்த ஐயர் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் யோசித்துவிட்டு, உப்புப் போடாவிட்டால் அது சமையல் ஆகாது, மனிதர் சாப்பிடாவிட்டால் அது சாப்பாடும் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார். பவானி ஒப்புக்கொண்டாள். இப்போது மினாமி மாட்டேன் என்றார். வெந்த அரிசியைக் கொட்டுவது பாவம் என்று. மறுபடி ஐயர். பறவை சாப்பிடலாமாம். அந்தக் கஞ்சியை விம்பிள்டன் புறாக்கள் சாப்பிட்டன.

இதற்கிடையே பின்வளவில் நெருப்பு மூட்டலாமா என்று கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்தேன். நீண்ட சங்கீதத்துக்குப் பிறகு ஒரு பெண்பிள்ளை வந்தார். எதற்கு நெருப்பு என்று கேட்டார். சூரியனுக்கு நன்றி சொல்ல என்றேன். "பார்பிக்யூ என்று எழுதிக்கொள்ளட்டுமா?" என்றார். சைவ பார்பிக்யூ என்றேன். அக்கம்பக்கத்துக்குப் புகை போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்தியும் விட்டார்.

7

பொங்கல் காலை லண்டனில் சூரியனைத் தவிர மற்ற எல்லாம் வந்திருந்தன. தூறல், காற்று, டொம், டொம்மின் தாய் லிண்டா. கிழக்கு எது என்று டொம் கைத்தொலைபேசியில் பார்த்துச் சொன்னான். பவானி கோலம் போட, மழை அழித்தது. மறுபடி போட்டாள், மறுபடி அழித்தது. டொம் குடையைக் கோலத்துக்குப் பிடித்தான்.

மினாமி பானையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயில் மாறி மாறி வந்து சேர்ந்தார். துணியை அவிழ்த்ததும் எல்லோரும் "ஆ" என்றோம். தேன் நிறம். வயிற்றைச் சுற்றி அந்த அரிசிக் கோடுகள். அகன்று விரிந்த வாய், உள்ளே ஒரு படிபோல் மடிப்பு. பவானி மஞ்சள் இலையைக் கழுத்தில் கட்டினாள். "வாய்தான் கொஞ்சம் பெரிசு" என்று என் காதில் சொன்னாள். வடிவான சாமானைக் கண்டால் குறை சொல்லாமல் அவளால் இருக்க முடியாது என்று நான் கணக்கெடுக்கவில்லை.

பால் ஊற்றி, கற்பூரம் காட்டி, நெருப்பு மூட்டினோம். ஊரில் பால் பொங்கினால் வெடி கொளுத்துவோம். இங்கே வெடி கொளுத்தினால் பொலிஸ் வரும். ஆகவே நான் சங்கோடு தயார். பால் நுரைத்தது. ஏறியது. நான் கன்னத்தை உப்பிக்கொண்டு சங்கை வாயில் வைத்தேன். பால் அந்த மடிப்புவரை வந்தது, அகன்ற வாயைக் கண்டது, பரந்து, தளர்ந்து, இறங்கிவிட்டது.

கன்னத்தை இறக்கினேன். பால் மறுபடி ஏறியது. மறுபடி உப்பினேன். மறுபடி இறங்கியது. நானும் பாலும் இப்படிக் கொஞ்ச நேரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். பவானியின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆரணி டொம்மின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மினாமி மட்டும் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். "பார்த்தீர்களா?" என்றார் என்னிடம். "எவ்வளவு எரித்தாலும் வழியாது. எங்கள் ஊர் அரிசிப் பானை. நான் இன்னும் ஒரு மடிப்புச் சேர்த்திருக்கிறேன். பவானி அண்ணைக்கு என் பரிசு. இனி ஒருநாளும் அடுப்புத் துடைக்க வேண்டாம்."

பொங்கலில் பால் வழிய வேண்டும் என்பதை நான் அவருக்குச் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அதை யாருக்காவது சொல்லித்தர வேண்டுமா? அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சாப்பாட்டை நெருப்பில் கொட்டுவதற்காக யாராவது சமைப்பார்களா?

"மினாமி அண்ணை" என்றேன். "இது வழிய வேண்டும்."

"என்ன வழிய வேண்டும்?"

"பால். அதற்குத்தான் இவ்வளவும்."

அவர் பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சின்ன வயதில் தான் செய்த பானை ஒன்று வழிந்ததற்காகத் தகப்பன் மரக்கட்டையால் தலையில் தட்டியதைச் சொன்னார். ஒருமுறை அல்ல, பானை வழியாமல் நிற்கும்வரை தட்டினாராம்.

டொம் எஞ்சினியர் அல்லவா, ஒரு யோசனை சொன்னான்: "ஆன்ட்டி, இன்னும் பால் ஊற்றினால் வழியுமே?"

ஆரணி அதைத் தாய்க்குச் சொன்னாள்.

"ஊத்தி வழியிறது பொங்கல் இல்லை, பிள்ளை" என்றாள் பவானி. "அது ஊத்துறது." அவள் குரல் உடைந்திருந்தது. அந்தப் பால் வழிய வேண்டும் என்று அங்கே நின்றவர்களில் அதிகம் ஆசைப்பட்டவள் அவள்தான்.

ஆரணி மினாமியிடம் போனாள். அழுகையை அடக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: "அங்கிள், இது வழியாவிட்டால் அம்மா எங்கள் கல்யாணத்துக்குச் சம்மதிக்க மாட்டார்."

மினாமி மழைக்கோட்டைக் கழற்றினார். நனைந்த புல்லில் முழங்காலில் இருந்தார். நான் பெற்றோல் ஷெட்டில் வாங்கி வந்த விறகை மூக்கில் வைத்து மணந்து பார்த்து, அப்பால் போட்டார்.

"ஈரம். மெல்லியது வேண்டும். காய்ந்தது. நிறைய."

மெல்லிய காய்ந்த விறகுக்கு கிங்ஸ்பரியில் எங்கே போவது? டொம் வேலிப் பலகையைப் பார்த்தான். நான் கண்ணால் தடுத்தேன். பவானி திடீரென்று குசினிக்குள் ஓடினாள். ஒரு பெரிய பிளாஸ்டிக் பையோடு வந்தாள். சீனச் சாப்பாடு வாங்கும் ஒவ்வொரு முறையும் கூடவே வரும் மரக்குச்சிகள். நாங்கள் கையால் சாப்பிடுகிறவர்கள். ஆனால் ஒரு சாமானை எறிவதென்பது எங்கள் வீட்டில் நடவாத காரியம். வருடக் கணக்காகச் சேர்ந்து கிடந்தவை, ஒவ்வொன்றும் கடதாசி உறையில்.

மினாமி அந்தப் பைக்குள் பார்த்தார். சாப்பிடும் குச்சியை நெருப்பில் வைப்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். பிறகு கையை நீட்டினார்.

லிண்டா உறை கிழித்தார், டொம் பிளந்தான், ஆரணி எடுத்துக் கொடுத்தாள். மினாமி போட்டார். மேலே பார்க்கவேயில்லை, நெருப்பின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஊரில் விறகுச் சூளையின் கடைசிக் கட்டத்தில் இப்படித்தான் எரிப்பார்களாம், விட்டுவிடாமல், மெல்லிய விறகாக. நெருப்பு நீலமாகி அடியைப் பிடித்தது. பால் ஏறியது, மடிப்பில் தயங்கியது, இறங்கியது. அவர் யப்பான் மொழியில் பானையைப் பார்த்து ஏதோ சொன்னார். வாழ்த்தாகத் தெரியவில்லை. பால் மறுபடி ஏறியது. மடிப்பைக் கடந்தது. தன் கையால் செய்த வேலியைத் தானே உடைக்கப் பார்க்கிற மனுசனுடைய முகத்தில் வேர்வையும் மழையும் வழிந்தன, பால்தான் வழியவில்லை.

பிறகு வழிந்தது.

அது எந்தப் பக்கம் வழியும் என்று பார்ப்பது வழக்கம். கிழக்கே வழிந்தால் நல்லது. ஆனால் அந்த விளிம்பை மினாமி அவ்வளவு மட்டமாக வைத்திருந்தார். பால் ஒரு பக்கம் என்றில்லாமல் சுற்றிவரத் துளும்பி, எல்லாப் பக்கமும் ஒன்றாக இறங்கியது. நெருப்பு சீறியது. நான் சங்கை ஊதினேன். இவ்வளவு நேரம் உப்பி இறங்கிய வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது.

எல்லோரும் பவானியைப் பார்த்தோம்.

அவள் அரிசிச் சுளகை எடுத்தாள். முதல் கைப்பிடி அரிசியை வீட்டுக்கு மூத்தவர்தான் போடுவது. அவள் போடவில்லை.

"பிள்ளை" என்றாள். "டொம்மையும் கூட்டிக்கொண்டு வாரும். ரெண்டு பேருமாச் சேந்து போடுங்கோ. கெதியா, பால் அடங்கப் போகுது."

ஆரணி அழுதேவிட்டாள். டொம்முக்கு ஒன்றும் விளங்காமல் அவனும் அழுதான். லிண்டா, இது மகிழ்ச்சியான அழுகைதானே என்று என்னைக் கேட்டார். "யா, யா" என்றேன்.

மினாமி எழும்பி, சேறு படிந்த முழங்கால்களோடு பானைக்கு முன்னால் நின்று குனிந்து வணங்கினார். மன்னிப்புக் கேட்டது போல் இருந்தது. பொங்கல் சாப்பிட்டபோது, "இதை அண்ணனுக்குச் சொல்ல வேண்டாம்" என்று மட்டும் என்னிடம் சொன்னார். மறுமுறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

8

கல்யாணம் கோடையில் நடந்தது. அதை எழுதினால் தனிப் புத்தகம் வேண்டும்.

இன்று செங்கற்களைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே பிற்பகலில் மினாமி வந்தார். கையில் துணியில் சுற்றிய ஒன்று. இந்த வருடம் ஆரணியும் டொம்மும் ஆர்ச்வேயில் தங்கள் முதல் பொங்கலைப் பொங்குகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு பானை வேண்டும் என்று ஆரணி அவரிடம் நேரேயே கேட்டிருந்தாளாம்.

பானை சின்னது. வாய் ஒடுக்கம். உள்ளே மடிப்பு இல்லை.

"இது வழியும்" என்றார். சொன்ன விதத்தில் பெருமை இல்லை. "பலமுறை பழக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வழிந்தது."

"கஞ்சி?"

"புறாக்கள்" என்றார்.

பவானி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பானையை வாங்கினாள். பழக்கதோசத்தில் அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். அடியில், ஈர மண்ணில் ஆணியால் கீறிய யப்பான் எழுத்து. வாசிக்கத் தெரியாவிட்டாலும் தெரிந்தது, அது ஒரு பெயர்.

"மினாமி அண்ணை" என்றேன், "நீங்கள் பெயர் போட மாட்டீர்களே."

அவர் குனிந்து, நான் தேய்த்து வைத்த கல்லில் கறை போயிருக்கிறதா என்று பார்த்தார். போகவில்லை.

"நல்ல பானைக்குப் பெயர் தேவையில்லை, அது ஊருடைய பானை" என்றார். "வழிகிற பானையை எங்கள் ஊர் செய்யாது. நாளைக்கு இதைப் பார்க்கிற யாரும் என் தகப்பனையும் அண்ணனையும் குறை சொல்லக்கூடாது. இந்தக் குற்றம் என்னுடையது. அதனால் எழுதி வைத்திருக்கிறேன்."